சிவப்பு மையில் அடித்த பெயர்

சிவப்பு மைப் பேனாவை மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். படைமுகாமின் சட்டப் பிரிவுக்கு எழுத்தர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். சட்டப் புத்தகங்களைப் பயிற்சியிலேயே உங்களுக்குக் கரைத்துப் புகட்டியிருப்பார்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. ஓய்வு பெற்று, ஈப்போவில் காலையில் ஒரு ரொட்டி சானாயோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆள் நான். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஒரு நாடு தன் படையை வெளிநாட்டுக்கு அனுப்புவது சின்ன விஷயமில்லை. சண்டை பிடிக்க அனுப்பினாலும் சரி, சண்டை ஓய்ந்த இடத்தில் அமைதி காக்கவோ வெள்ளத்தில் தவிக்கும் சனங்களுக்கு அரிசி சுமக்கவோ அனுப்பினாலும் சரி, அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஐ.நா. கேட்க வேண்டும், அமைச்சரவை சரி என்று சொல்ல வேண்டும், போகிற நாட்டோடு ஒப்பந்தம் போட வேண்டும். தலையில் நீலத் தொப்பி இருந்தாலும் நம் சிப்பாய் நம் ராணுவச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டவன். இதையெல்லாம் பெரியவர்கள் பெரிய அறைகளில் முடிவு செய்துவிடுவார்கள். கடைசியில் நம் மேசைக்கு வந்து சேருவது ஒற்றைத் தாளில் ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி இருக்கும்: இந்த ஆளுக்கு அங்கே ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

அந்தக் கேள்வியில்தான் நான் கோட்டை விட்டேன்.

நான் கண்டிப்பான ஆள். தமிழ்ப் பையன்கள் முகாமில் எனக்கு வைத்த பெயர் 'பட்டாளக் கிராணி'. தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதும் கிராணி எப்படி ஒரு நாள் கூலிக்கு நூறு கேள்வி கேட்பாரோ அப்படி நானும் கேட்பேனாம். பொய்யில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. எழுபதுகளில், மேல் பேராக் காடுகளில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. ஒரே பெயரில் இரண்டு சிப்பாய்கள். ஒருவன் காட்டில் இறந்துபோனான். பக்கத்து மேசைக்காரர் அவசரத்தில் மற்றவன் வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். தப்பு தெரிந்து நாங்கள் ஓடிப்போனபோது அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சங்கும் ஊதியாகிவிட்டது. மறுநாள் அவனே விடுமுறையில் வந்து இறங்கித் தன் சாவுப் பந்தலைத் தானே பிரித்தான். ஊரே சிரித்தது. அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகன் உயிரோடு நிற்பதை நம்ப முடியாமல் அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கையை நான் பார்த்தேன்.

அன்றைக்கே முடிவு கட்டினேன், இனி என் மேசையிலிருந்து ஒரு செய்தியும் தப்பான வீட்டுக்குப் போகக்கூடாது என்று. நானாக ஒரு பட்டியல் தயாரித்தேன். மனைவி பெயரை எழுதினால் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அப்பா அம்மா பெயரை எழுதினால் பிறப்புப் பத்திரம் வேண்டும். பட்டியலைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். மேலதிகாரிகள் பார்த்துவிட்டு 'பாகுஸ், பாகுஸ்' என்று மலாயில் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் முகாமிலிருந்து ஒரு பெரிய குழு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. சுதந்திரம் அடையப்போகும் ஒரு நாட்டில் தேர்தல் ஒழுங்காக நடக்கும் வரை காவல் இருக்க வேண்டும். புறப்படும் முன் எங்கள் சட்ட அதிகாரி, ஒரு மலாய்க்கார மேஜர், திடலில் எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். உன் உயிருக்கோ கூட இருப்பவன் உயிருக்கோ ஆபத்து என்றால் தவிரத் துப்பாக்கியைத் தூக்காதே. இரண்டு கட்சிக்கு நடுவில் நிற்கிறாய், எந்தக் கட்சிக்காரன் வீட்டிலும் விருந்து சாப்பிடாதே. இப்படிப் போனது. பின்வரிசையில் இருந்த தமிழ்ப் பையன்கள் என்னைச் சுரண்டினார்கள்.

"அண்ணே, அந்த ஊரு போலீஸ் நம்மளப் புடிக்க முடியாதாமே, நெசமா?"

"நெசந்தான். ஆனா நம்ம மேஜர் புடிப்பாரு. அவருகிட்ட மாட்டுறதுக்கு அந்த ஊரு போலீசே தேவல."

அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவன்தான் முனியாண்டி. லான்ஸ் கார்ப்பரல், லாரி ஓட்டுநர். சொந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், காலமாகிவிட்டார். அம்மா மட்டும்தான். தன் அண்ணன் மகளை இவனுக்குக் கட்டிவைக்க அந்த அம்மாவுக்கு ஆசை. இவனோ சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் சாந்தி என்ற பெண்ணைப் பார்த்து, அங்கிருந்த மாரியம்மன் கோயிலிலேயே தாலி கட்டிவிட்டான். அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து மகனோடும் பேச்சு இல்லை, மருமகளைப் பார்த்ததும் இல்லை.

புறப்படுகிற நாள் காலை. வெளியே லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன. என் மேசைக்கு முன்னால் இன்னும் இருபது பேர். முனியாண்டி தன் படிவத்தை நீட்டினான். செய்தி சொல்ல வேண்டியவர் என்ற கட்டத்தில் நீல மையில், அழகான கையெழுத்தில், சாந்தியின் பெயரையும் தோட்டத்து முகவரியையும் எழுதியிருந்தான். அடியில் கையொப்பமும் போட்டிருந்தான்.

"சர்டிபிகேட்?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு மஞ்சள் கடுதாசியை எடுத்துப் பிரித்தான். கோயில் கமிட்டியின் சீட்டு. இன்ன நாளில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடந்தது என்று எழுதி, கோயில் முத்திரையான சாப்பு குத்தி, தலைவர் கையெழுத்தும் போட்டிருந்தது. நம் தோட்டத்து சனங்கள் பலர் செய்த தப்பு இது. எண்பதுகளின் தொடக்கத்தில் புதுத் திருமணச் சட்டம் வந்து, இனி அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று ஆனது. ஆனால் சாப்பு குத்திய கடுதாசி கையில் இருக்கும்போது இதற்கு மேல் என்ன பதிவு என்று நினைத்து, அந்தச் சீட்டையே பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

"இது செல்லாது, தம்பி."

"சாப்பு இருக்குண்ணே. தலைவரு ஒப்பம் இருக்கு."

"கோயில் சாப்பு சாமிக்குச் செல்லும். ஆபீசுக்குச் செல்லாதுலா."

அவன் முகம் சுருங்கியது. "அப்போ அவ என் பொண்டாட்டி இல்லியாண்ணே?"

"உனக்குப் பொண்டாட்டிதான். பாரத்துக்கு இல்ல. அம்மா பேரப் போட்டுறவா?"

"அம்மா எங்ககூடப் பேசறதே இல்லண்ணே. எனக்கு ஏதாச்சும்னா சாந்திக்கு யாரு சொல்லுவா?"

"சும்மா பாரத்துக்குத்தான்யா. உனக்கு என்ன ஆவப்போவுது?"

சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து சாந்தியின் பெயரை ஒரே கோட்டில் அடித்தேன். கோப்பில் அவன் அம்மாவின் விவரம் இருந்தது. அதைப் பார்த்து மேலே எழுதினேன். வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். முனியாண்டி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், என் வீட்டு அலமாரியிலும் அதே மாதிரி ஒரு மஞ்சள் கடுதாசிதான் இருந்தது. நான் எழுபதுகளில் கல்யாணம் செய்தவன். பழைய கல்யாணங்களைப் புதுச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டதால் என் மனைவி தப்பித்தாள். அவளுக்கும் சாந்திக்கும் உள்ள வித்தியாசம் கல்யாணத் தேதி மட்டும்தான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து தகவல் வந்தது. மணல் பாதையில் லாரி கவிழ்ந்து முனியாண்டிக்கு இடது காலிலும் விலாவிலும் எலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை முடிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலி மருந்தின் மயக்கத்தில் கிடப்பதால் கொஞ்ச நாளைக்குக் கையெழுத்துகூடப் போட முடியாது. படிவத்தைப் பார்த்தோம். அம்மா பெயர். ஹுத்தான் மெலிந்தாங்குக்குத் தந்தி போயிற்று. விதி அப்படித்தான். வெளிநாட்டுப் பணியில் இருப்பவனுக்கு ஏற்பட்ட காயமோ சாவோ படிவத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் சொல்லப்படும், வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பந்தல் கதையைப் பார்த்த எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்த விதி.

ஆறாவது நாள் வாசல் காவலர் போன் செய்தார், யாரோ ஒரு பெண் உங்களைத்தான் பார்க்க வேண்டுமாம் என்று. சாந்தி. அப்போதுதான் முதன்முறை பார்க்கிறேன். தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு அவள் ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கட்டு ஏர்மெயில் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எண்.

"வாரத்துக்கு ஒண்ணு போடுவாரு சார். நடுவுல ஒண்ணு தொலஞ்சாலும் எனக்குத் தெரியணும்னு நம்பர் போடுவாரு. பதினாலு வந்துருச்சு. பதினஞ்சு வரல. பத்து நாளாச்சு."

என் முழங்கைக்குக் கீழே இருந்த இழுப்பறையில்தான் அவன் கோப்பு கிடந்தது.

"தங்கச்சி, படிவத்துல பேரு உள்ளவங்களுக்குத்தான் நாங்க எதையும் சொல்ல முடியும். சட்டம் அப்படி."

"என் பேரத்தான் எழுதுனேன்னு மொத கடுதாசியிலயே எழுதியிருந்தாரே?"

அடித்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் சொல்லலாம். நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். அவள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள் போலிருக்கிறது, அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள்.

"நான் யாருன்னு சந்தேகமா சார்? சீட்டு வச்சிருக்கேன்." அதே மஞ்சள் கடுதாசியின் ஜோடி. மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். "இருக்காரா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

நீங்கள் இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, விதியைச் சொல்லிக் கதவைச் சாத்துவது. இன்னொன்று, யாருக்கும் தெரியாமல் காதோடு சொல்லி அனுப்பிவிடுவது. இரண்டாவதுதான் நல்ல மனசு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காதோடு சொன்ன செய்தி அடுத்த பஸ் நிறுத்தத்துக்குள் வேறு செய்தியாக மாறிவிடும். அப்படித்தான் பந்தல்கள் முளைக்கின்றன. "ரெண்டு நிமிசம் இரும்மா" என்று சொல்லிக் கோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் மேஜருக்குப் போன் போட்டேன்.

அவர் அன்று தைப்பிங்கில் ஒரு ராணுவ விசாரணையில் இருந்தார். தைப்பிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, அங்கே மழை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே அவர் கத்திப் பேசினார். மலாயில்தான் பேசுவோம், தமிழில் சொல்கிறேன், ஐயா என்கிற 'துவான்' மட்டும் அப்படியே இருக்கட்டும்.

"படிவத்தை வாசி," என்றார். வாசித்தேன். பிறகு 'செய்தி சொல்ல வேண்டியவர்' என்ற கட்டத்தின் முழு வாசகத்தைக் கேட்டார். அதையும் வாசித்தேன். 'பணியில் செல்பவர் தாமே குறிப்பிடும் நபர்.'

"அவன் யாரைக் குறிப்பிட்டான்?"

"மனைவியை, துவான்."

"அடித்தது?"

"நான், துவான். பதிவுச் சான்றிதழ் இல்லை."

"சான்றிதழ் வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

"என் பட்டியலில்."

"உன் பட்டியல் பார்லிமெண்டில் எப்போது நிறைவேறியது?" என்றார். என் மூக்கு உடைந்த சத்தம் தைப்பிங் வரை கேட்டிருக்கும். அவர் விடவில்லை. "அடித்த இடத்துக்குப் பக்கத்தில் அவன் ஒப்பம் இருக்கிறதா?"

பார்த்தேன். படிவத்தில் எதையாவது திருத்தினால், கையொப்பமிட்டவனே பக்கத்தில் சின்னதாக ஒப்பம் வைக்க வேண்டும். பால பாடம். லாரி ஹாரன் அடித்த அவசரத்தில் அதை வாங்க மறந்திருந்தேன். ஊருக்கெல்லாம் பட்டியல் போட்ட பட்டாளக் கிராணி, தன் கோட்டுக்கு ஒப்பம் வாங்கவில்லை.

"இல்லை, துவான்."

"அப்படியென்றால் நீ எதையும் அடிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் அங்கேயேதான் இருக்கிறது. ஆறு நாள் தாமதமாக இருக்கிறாய். போய்ச் சொல். நான் வந்து உன்மேல் அறிக்கை எழுதுகிறேன்."

எழுதவும் செய்தார். அந்த அறிக்கை என் பணிக் கோப்பில் கடைசி நாள் வரை இருந்தது. என் ஒரு தப்பு அந்தப் பெண்ணை வெளியே தள்ளியது, இன்னொரு தப்பு அவளை உள்ளே கொண்டுவந்தது. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து, நின்றுகொண்டே சொன்னேன். "உயிரோட இருக்காரும்மா. லாரி கவிழ்ந்துருச்சு. கால் எலும்பும் விலா எலும்பும் ஒடஞ்சிருக்கு. ஆபரேசன் முடிஞ்சுது. ஆபத்து இல்ல."

அப்போதுதான் உட்கார்ந்தாள். "எந்தக் காலு?"

"எடது."

"பந்து அடிக்கிறது வலது காலு," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டேன். பிறகு என் தப்பையும் சொன்னேன். சிவப்புக் கோட்டைக் காட்டினேன். கண்டபடி ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கோட்டுக்கு மேலே நான் எழுதியிருந்த பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அத்தைக்குத் தந்தி போயிருக்கா?"

"ஆறு நாளாச்சு."

"அதுக்குப் படிக்கத் தெரியாதே சார். யாரக் கெஞ்சிப் படிக்கச் சொல்லுச்சோ? வீட்டுல வேற ஆளே இல்லியே. ஆறு நாளா ஒத்தையா உக்காந்து அழுதுகிட்டு இருக்குமே!" முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதங்களை அடுக்கினாள். "ஹுத்தான் மெலிந்தாங்குக்கு எங்கண்ணே பஸ் ஏறணும்?"

சார் போய் அண்ணே வந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன், எனக்கு அது தகுமா என்று.

ஆங்கிலத்தில் வந்த தகவலைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், அத்தைக்குப் படித்துக் காட்டட்டும் என்று. பஸ் நிலையம் வரை கூடப் போனேன். தெலுக் இந்தானில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். தன்னை ஒரு நாளும் வீட்டுக்குள் கூப்பிடாத மாமியாரைப் பார்க்க, தொழிற்சாலைச் சட்டையோடு, மாற்றுத் துணிகூட இல்லாமல் அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். முகாமுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த பட்டியலை உறையோடு கிழித்தேன்.

அங்கே நடந்ததை முனியாண்டி திரும்பி வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். அந்த அம்மா ஆறு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பெண்டாட்டிக்குச் சொல்லாமல் பட்டாளத்துக்காரன் தாய்க்குச் சொல்வானா, அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும், ஆனாலும் ஒரு வார்த்தை வந்து சொல்லவில்லையே என்று மருமகள்மேல் கோபமாம். வாசலில் நின்றவளிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" சாந்தி என் தப்பைச் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அந்த அம்மா என்னைச் சபித்த சாபத்தை முனியாண்டி அப்படியே நடித்துக் காட்டினான். அச்சில் போட முடியாது.

நொண்டி நொண்டித்தான் வந்திறங்கினான். அழைத்துப் போக இரண்டு பெண்களும் முகாமுக்கு வந்திருந்தார்கள், ஒரே குடையில். பிறகு அவனும் சாந்தியும் ஈப்போவில் முறைப்படி பதிவு செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டான். பேனாவை நீட்டும்போது, "நீல மைதாண்ணே, பயப்படாதீங்க," என்றான்.

மறுவருடம் எல்லோரும் படிவத்தைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. முனியாண்டி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். இந்த முறை அரசாங்க முத்திரை போட்ட சான்றிதழ் கையில் இருந்தது. நான் கேட்கவில்லை. பேனாவை எடுத்தவன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா யோசன?"

"ரெண்டு பேரு எழுதலாமாண்ணே?"

படிவத்தை வாங்கி அந்த வாசகத்தை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

"எழுதக்கூடாதுன்னு எங்கயும் போடல," என்றேன். "கொஞ்சம் பொடியா எழுது. ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."